ஹைபிரிட் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைபிரிட் கார் என்றால் பாதி பெட்ரோல், பாதி மின்சாரமா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த, சார்ஜரில் மாட்டத் தேவையில்லாத ஹைபிரிட் காரில் சக்கரத்துக்குப் போகும் சக்தி முழுக்க முழுக்கப் பெட்ரோலிலிருந்து வருவதுதான். பேட்டரியில் இருக்கும் மின்சாரமும் முன்பு டேங்கில் பெட்ரோலாக இருந்ததே. அப்படியானால் மோட்டாரும் பேட்டரியும் எதற்கு? இரண்டு வேலைகளுக்கு. பிரேக் போடும்போது வெறும் சூடாகப் போய்விடும் சக்தியைப் பிடித்து வைப்பது ஒன்று. இன்ஜினை அதற்கு ஒத்துவராத நேரத்தில் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எரிபொருள் மிச்சத்தில் நல்ல பங்கு இரண்டாவதிலிருந்து வருகிறது என்பது பேச்சில் விட்டுப்போகிறது.

இன்ஜினுக்கு "ஒத்துவராத நேரம்" என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜின் ஓரளவு பாரத்தோடு, நடுத்தர வேகத்தில் சுற்றும்போதுதான் கொடுத்த எரிபொருளுக்கு ஒழுங்காக வேலை செய்யும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது காற்று உள்ளே போகும் வாயில் இருக்கும் தடுப்பான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்த மூடிய வாய் வழியாகக் காற்றை இழுக்கவே இன்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. சிக்னலில் நின்றபடி ஐடிலில் ஓடினால் இன்னும் மோசம்: மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் பெட்ரோல் குடித்துவிட்டு ஓர் அடிகூட நகராது.

ஹைபிரிட் அந்த நேரங்களில் இன்ஜினை நிறுத்திவிட்டு மோட்டாரில் நகர்கிறது. பேட்டரி குறைந்து இன்ஜினை எழுப்ப வேண்டி வந்தால், வண்டி நகரத் தேவைப்படுவதைவிடக் கூடுதலாகவே வேலை வாங்கி, மீதியைப் பேட்டரியில் ஏற்றிவிடும். அதனால் இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் ஓரளவு நல்ல பாரத்தில் ஓடுகிறது. "வண்டி நிற்கும்போது இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகி உறுமுகிறது, ஏதோ கோளாறு" என்று சர்வீஸுக்குக் கொண்டுவரப்படும் கார்களில் பல இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

அட்கின்சன் இன்ஜின் என்கிறார்களே, அது வேறு இன்ஜினா?

பார்வைக்கு வழக்கமான நாலு சிலிண்டர் இன்ஜின்தான். வித்தியாசம் இன்டேக் வால்வு மூடும் நேரத்தில் இருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருப்பதால் உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியேறுகிறது. அழுத்தும் தூரம் குறைகிறது, எரிந்த பிறகு விரியும் தூரம் முழுசாகக் கிடைக்கிறது. ஜேம்ஸ் அட்கின்சன் 1880களில் இதே விளைவைச் சிக்கலான இணைப்புத் தண்டுகளை வைத்துச் சாதித்தார். இன்று வால்வு டைமிங்கை மாற்றியே அதைச் செய்கிறார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போதாது. தனியாக ஒரு காரில் பொருத்தினால் பிக்கப் இல்லை என்று திட்டு வாங்கும். மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைத் தரக்கூடியது. ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் 1.8 லிட்டர் இன்ஜின் தன் உச்ச நிலையில் 40 சதவீத வெப்பத் திறனை (எரிபொருளின் சக்தியில் வேலையாக மாறும் பங்கு) தொட்டது இந்தக் கூட்டணியால்தான்.

மைல்ட், ஃபுல், ப்ளக்-இன்: எதை எப்படிப் புரிந்துகொள்வது?

மைல்ட் ஹைபிரிடில் 12 அல்லது 48 வோல்ட்டில் ஓடும் சிறிய மோட்டார்-ஜெனரேட்டர், பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் (சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இருந்த இடத்திலேயே பெல்ட்டில் உட்கார்ந்திருக்கும். இன்ஜினுக்குக் கை கொடுக்கும், சிக்னலில் நிறுத்தி மெதுவாக எழுப்பும், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் மோட்டார் தனியாக வண்டியை ஓட்டாது. பெயர்ப்பலகையில் "ஹைபிரிட்" என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுபவர்கள் இந்த வகையில்தான் அதிகம்.

ஃபுல் ஹைபிரிட் மோட்டாரில் மட்டுமே சில கிலோமீட்டர் போகக்கூடியது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் இந்த வகை. ஹோண்டாவின் இ:ஹெச்இவி அமைப்பில் பெரும்பாலான நேரம் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்ற, மோட்டார்தான் சக்கரத்தை ஓட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைத்துவிடும். 2016இல் தொடங்கிய நிசான் இ-பவரில் அந்த இணைப்பும் கிடையாது. இன்ஜினின் வேலை மின்சாரம் தயாரிப்பது மட்டும். ஹூண்டாய், கியா கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மோட்டார், அதைப் பிரிக்க ஒரு கிளட்ச்.

ப்ளக்-இன் என்பது பெரிய பேட்டரி வைத்து, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் ஃபுல் ஹைபிரிட். அதைப் பற்றிக் கீழே தனியாக.

டொயோட்டா ஹைபிரிடில் கியரே மாறுவதில்லையே, உள்ளே என்ன நடக்கிறது?

உள்ளே முக்கிய வேலையைச் செய்வது ஒரே ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சிறிய பற்சக்கரம், சுற்றிலும் உட்பக்கம் பல் வைத்த ஒரு பெரிய வளையம், இரண்டுக்கும் இடையே உருளும் சின்னச் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஒரு சட்டம். இன்ஜின் சட்டத்தோடும், ஜெனரேட்டர் நடுச்சக்கரத்தோடும், வண்டிச் சக்கரமும் பெரிய மோட்டாரும் வளையத்தோடும் இணைந்திருக்கும். பிரியஸின் முதல் தலைமுறைகளில் நடுச்சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல்.

இந்தப் பல் கணக்கை வைத்தே மொத்த நடத்தையையும் சொல்லிவிடலாம். வண்டி நிற்கிறது, அதாவது வளையம் அசையவில்லை. இன்ஜின் 1,000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. அப்போது ஜெனரேட்டர் 3,600இல் சுற்றி மின்சாரம் தரும். வண்டி ஓடுகிறது, இன்ஜின் நின்றிருக்கிறது என்றால், வளையம் 1,000இல் சுற்றும்போது ஜெனரேட்டர் எதிர்த்திசையில் 2,600இல் சுற்றும். நடுவில் எந்த நிலையும் சாத்தியம். ஜெனரேட்டரின் வேகத்தைக் கணினி கூட்டிக் குறைத்தாலே இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் மாறிவிடும். கிளட்ச் தட்டு, பெல்ட், டார்க் கன்வெர்ட்டர் எதுவும் இல்லை. பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளிலும் இந்தப் பகுதி சிரமம் கொடுக்காததற்கு இதுதான் காரணம்: தேய்வதற்கு அங்கே ஆள் இல்லை.

பழைய பிரியஸ்களில் சுமார் 67 கி.மீ. வேகத்துக்கு மேல் போனதும் இன்ஜின் கட்டாயம் சுற்றத் தொடங்கும். பேட்டரி நிறைந்திருந்தாலும் அப்படித்தான். இன்ஜினை நிற்கவைத்துக்கொண்டே வேகம் கூட்டினால் ஜெனரேட்டர் தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிவிடும் என்பதால் வைத்த எல்லை அது.

இன்ஜின் சத்தம் மட்டும் முதலில் எகிறி, வேகம் பின்னால் வருகிறதே?

மேலே சொன்ன அமைப்பின் இயல்பு. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் தேவையான ஆர்பிஎம்முக்குப் போய் அங்கேயே நிற்கும், வேகம் ஏறிவரும். கோளாறு இல்லை. நீண்ட மலை ஏற்றத்தில் பேட்டரி வடிந்தபின் சின்ன அட்கின்சன் இன்ஜின் தனியாக இழுக்க வேண்டிவரும்போது இந்தக் கத்தல் எரிச்சலூட்டும் அளவுக்குப் போகலாம். வாங்கும் முன் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு நல்ல மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

பிரேக் போட்டால் உண்மையில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 54 வாட் மணி. மோட்டார், இன்வெர்ட்டர் (பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), பேட்டரி என்று போய்த் திரும்பும் வழியெல்லாம் கழிவு உண்டு. கடைசி சில கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரண பிரேக்தான் பிடிக்கும். எல்லாம் போகச் சக்கரத்துக்குத் திரும்புவது 30 வாட் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து மட்டமான சாலையில் மெதுவாகக் கால் கிலோமீட்டர் போகலாம். அதே வேலையை இன்ஜின் செய்திருந்தால் 10 மில்லி பெட்ரோல் ஆகியிருக்கும். ஆக 60இலிருந்து நூறு முறை நின்றால் ஒரு லிட்டர் மிச்சம். 30 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் கிடைப்பது இதில் கால்வாசிதான், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறும்.

ஒன்றைக் கவனியுங்கள்: திடீரென்று ஓங்கி மிதித்தால் மோட்டாரும் பேட்டரியும் அவ்வளவு சக்தியை ஒரே நேரத்தில் வாங்க முடியாது. மிச்சத்தை பிரேக் பேடு தின்றுவிடும். சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்திலேயே தெரிந்தால் அப்போதே லேசாக பிரேக்கை வைத்து நீளமாக நிறுத்துங்கள். ஓட்டுநர் கையில், இல்லை, காலில் இருக்கும் பெரிய மிச்சம் அதுதான்.

கியர் லீவரில் "பி" (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் சார்ஜ் அதிகம் ஏறுமா?

டொயோட்டா வகை ஹைபிரிடில் ஏறாது. பல இடங்களில் குறையவே செய்யும். நீண்ட மலை இறக்கத்துக்காக வைத்த நிலை அது. 1,400 கிலோ கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் 380 வாட் மணி வெளிப்படும். பழைய பிரியஸின் பேட்டரி மொத்தமே 1.3 கிலோவாட் மணி, அதிலும் பயன்படுத்த அனுமதிக்கப்படுவது பாதிக்கும் குறைவு. இருநூறு மீட்டர் இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அதற்குமேல் சக்தியைப் போடும் இடமில்லை. அப்போது "பி", பெட்ரோல் ஊற்றாமலேயே இன்ஜினைச் சுற்றவைத்து அந்தச் சக்தியைக் கரைக்கிறது. பிரேக் சூடாகாமல் தப்பிக்கிறது. தட்டையான சாலையில் எப்போதும் "டி" (டிரைவ்) தான்.

சொன்ன மைலேஜ் வரவில்லை, ஏன்?

முதல் சந்தேகம் பயண தூரத்தின் மீது வர வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி நிறைந்திருந்தாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் புகை சுத்தமாகும். இன்ஜினும் ஓரளவு வெப்பத்துக்கு வர வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் கடைக்குப் போய், வண்டி ஆறியபின் திரும்பினால் இரண்டு முறையும் இந்தச் சூடேற்றும் செலவையே கட்டுகிறீர்கள். இப்படிப்பட்ட மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடித்தால் வித்தியாசம் மீட்டரில் தெரியும்.

அடுத்தது நெடுஞ்சாலை. சீராக 100-120இல் போகும்போது பிரேக்கும் இல்லை, ஐடிலும் இல்லை. ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும் இரண்டு வழிகளுமே அங்கே அடைபடுகின்றன. காற்றுத் தடை மட்டும் 100லிருந்து 120க்குப் போனால் 44 சதவீதம் கூடும். நல்ல இன்ஜின், நல்ல உடலமைப்பு இரண்டாலும் ஓரளவு லாபம் இருக்கும், ஆனால் நகரத்தில் கிடைத்த அற்புதத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால், கூடுதல் விலை கொடுத்து ஹைபிரிட் வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

மற்றவை சில்லறை: டயரில் காற்றுக் குறைவு, அகலமான டயர் மாற்றியது, கூரை மேல் சுமை தாங்கி, நிறுத்திய இடத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பது. ஏசியின் கம்ப்ரெஸர் பேட்டரியில் ஓடுகிறது. அதனால் இன்ஜின் நின்றபின்னும் குளிர் வரும். ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரியை நிரப்ப இன்ஜின் எழும். குளிர்நாட்டில் ஹீட்டர் போட்டால் சூடு இன்ஜினிலிருந்தே வர வேண்டும், அதற்காகவே அது ஓடும்.

மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் இ.வி. விளக்கு அணையாமல் ஓட்டினால் மைலேஜ் கூடுமா?

கூடாது. மோட்டாரில் செலவழித்ததை இன்ஜின் பிறகு ஈடுகட்ட வேண்டும், அதில் இரண்டு முறை கழிவு. விரட்டவும் வேண்டாம், இ.வி.யிலேயே நகர வேண்டும் என்று பின்னால் வருபவரைக் காக்கவைத்து ஊரவும் வேண்டாம். புறப்படும்போது இன்ஜினை எழவிட்டு உறுதியாக வேகம் பிடியுங்கள். தேவையான வேகம் வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு நொடி காலை எடுத்தால் இன்ஜின் அணையும். மறுபடி மென்மையாக வைத்து மோட்டாரில் ஓட்டுங்கள்.

பெரிய பேட்டரி எத்தனை ஆண்டு வரும்?

பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்று உத்தரவாதம் தருகின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்ட பேட்டரி அதைத் தாண்டியும் ஓடும். கைபேசி பேட்டரியோடு ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை: கைபேசியை நூறிலிருந்து பூஜ்யம் வரை வடியவிடுகிறோம், ஹைபிரிட் கணினி நிக்கல் பேட்டரியை ஏறத்தாழ 40க்கும் 80க்கும் நடுவிலேயே வைத்திருக்கும்.

பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம். காற்றால் குளிரும் பேட்டரிகள் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கின்றன. உட்கார்ந்திருப்பவருக்குப் புழுக்கம் என்றால் பேட்டரிக்கும் புழுக்கம். அந்தக் காற்று போகும் வாய் பின்சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். அதன்மேல் பையைச் சாய்த்து வைப்பது, நாய் முடி, சீட் துணி நூல், தூசு எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் வலையைக் கம்பளம்போல் மூடிவிடும். மின்விசிறி முழு வேகத்தில் கத்தும், பின்சீட்டில் இருப்பவருக்குக் கேட்கும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் சூடு தாங்காமல் ஒரு மாட்யூல் (பேட்டரி பல மாட்யூல்களின் தொடர்) பலவீனமாகி, மொத்தப் பேட்டரியையும் மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற கோடு (கணினி தரும் பிழைக் குறியீடு) வரும்.

அந்த ஃபில்டரை நாமே சுத்தம் செய்யலாமா?

பெரும்பாலான கார்களில் செய்யலாம், கால்மணி நேர வேலை. காரை அணைத்துவிட்டு, சாவியைத் தள்ளி வையுங்கள். பின்சீட்டருகே உள்ள காற்று வாயின் மூடியை பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்பிலிருந்து எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் போட்டால் கிளிப் உடையும். வலையை வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள், வாக்குவம் வைத்து அழுக்குப் படிந்த பக்கத்திலிருந்து இழுங்கள். கம்ப்ரெஸர் காற்றைக் குழாய்க்குள் அடிக்க வேண்டாம், தூசு விசிறிக்கும் பேட்டரிக்கும் போய்ச் சேரும். வலையைக் கழுவினால் முழுதாக உலர்ந்தபின்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வீட்டில் நாய், பூனை இருந்தால் மூன்று மாதம். வலைக்குப் பின்னால் உள்ள விசிறியின் இறக்கையிலும் படலம் கட்டியிருந்தால் அதை மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்யட்டும்.

கெட்டுப்போன ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால் போதாதா?

வண்டி ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. பழைய பிரியஸ் பேட்டரியில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 தொடராக இருக்கும், மொத்தம் 201.6 வோல்ட். எல்லாம் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று போனால் அடுத்தது வரிசையில் நிற்கிறது என்று பொருள். வேறு வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூலின் கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு மீண்டும் வரும். விற்பதற்கு முன் ஒப்பேற்றும் வேலையாகத்தான் இது அதிகம் நடக்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு: சில நேரம் மாட்யூல்கள் நன்றாக இருந்து, அவற்றை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பூத்திருக்கும். அவற்றைச் சுத்தம் செய்து, சொன்ன முறுக்கு அளவில் முடுக்கினாலே சரியாகிவிடும். "பேட்டரி போச்சு" என்று சொல்பவரிடம் பட்டைகளைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

ஹைபிரிட் திடீரென்று செத்துக் கிடக்கிறது, கதவுகூட ரிமோட்டில் திறக்கவில்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா?

பத்தில் ஒன்பது முறை சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் என்று தைரியமாகச் சந்தேகப்படலாம். இன்ஜினைச் சுற்றுவது பெரிய பேட்டரி. சின்னதின் வேலை கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியின் ரிலேக்களை (மின் சுவிட்சுகளை) இணைப்பது. அதனால்தான் அது அளவிலும் சிறியது. சாதாரண காரில் பேட்டரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் முனகும், நமக்குத் தெரிந்துவிடும். இங்கே அந்த முன்னறிவிப்பே இல்லை. நேற்றுவரை ஓடும், இன்று டாஷ்போர்டில் விளக்குகள் திருவிழாபோல் மின்னும், வண்டி ஓட்டத் தயார் என்று காட்டும் "ரெடி" மட்டும் வராது.

ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் நல்லது, 12.2 பாதி, 12க்குக் கீழே என்றால் ஏற்றியோ மாற்றியோ ஆக வேண்டும். "ரெடி"யில் வைத்தால் 14ஐ ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது.

ஜம்ப் செய்ய, பானெட்டுக்குள் உள்ள சிவப்பு மூடி போட்ட முனையில் பிளஸ், பெயின்ட் இல்லாத உலோகத்தில் மைனஸ். சிறிய ஜம்ப் பேக்கே போதும். முனை மாற்றிக் கொடுத்துவிட்டால் சாதாரண காரைப்போல் ஒரு ஃப்யூஸோடு போகாது, இன்வெர்ட்டர் வரை சேதம் போகலாம். உங்கள் ஹைபிரிடிலிருந்து வேறொரு காரை ஜம்ப் செய்யவும் வேண்டாம். அந்த ஸ்டார்ட்டர் கேட்கும் மின்னோட்டத்துக்கு இது அமைக்கப்படவில்லை.

மாற்றும்போது, பேட்டரி காருக்குள்ளோ டிக்கியிலோ இருந்தால், வாயுவை வெளியே கொண்டுபோகும் சிறு குழாயுடன் கூடிய, அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகையே வேண்டும்.

நிறுத்தி வைக்கும்போது இன்னொரு தவறு நடக்கிறது. "ரெடி" வராமல், பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்திப் பாட்டுக் கேட்பது. அப்போது சின்ன பேட்டரி மட்டுமே வடிகிறது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் வாரம் ஒருமுறை "ரெடி"யில் அரைமணி முதல் ஒருமணி நேரம் வையுங்கள், திறந்த வெளியில். "என்" (நியூட்ரல்) நிலையில் வைக்காதீர்கள், அதில் பெரிய பேட்டரி சார்ஜ் ஏறாது, "பார்க்"கில் வையுங்கள்.

சர்வீஸில் வழக்கமான காரிலிருந்து என்ன மாறும்?

பிரேக் பேடு நீண்ட நாள் வரும். அதுவே பிரச்சினையும் ஆகிறது. டிஸ்க் அதிகம் உராயாததால் துரு படிகிறது. காலிப்பர் வழுக்கும் பின்கள் காய்ந்து இறுகுகின்றன. பேடு சமமாகத் தேயாமல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வரும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இது. ஆண்டுக்கு ஒருமுறை பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்கள். பேடு மாற்றும் மெக்கானிக்குக்கு ஒரு எச்சரிக்கை: பல ஹைபிரிடுகளில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் எழுந்து அழுத்தம் கட்டும். 12 வோல்ட் மைனஸைக் கழற்றிவிட்டோ, ஸ்கேனரில் பிரேக் சர்வீஸ் நிலையில் போட்டோதான் காலிப்பரில் கை வைக்க வேண்டும்.

கூலன்ட் இரண்டு சுற்று: இன்ஜினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று. இரண்டாவதில் ஒரு சின்ன மின்பம்ப் இருக்கும். அது நின்றால் இன்வெர்ட்டர் சூடாகி வண்டி நடுவழியில் நிற்கும். சோதிப்பது எளிது: "ரெடி"யில் வைத்து இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து எட்டிப் பாருங்கள், திரவம் சலசலத்துச் சுழல வேண்டும். குளம்போல் அசையாமல் இருந்தால் பம்ப் போய்விட்டது. மூடியைத் திறப்பது வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும். "ரெடி"யில் இருக்கும்வரை இன்ஜின் எந்த நொடியும் தானாக எழும், கையை உள்ளே விடாதீர்கள்.

ஏசி எண்ணெயில் கவனம் வேண்டும். உயர் மின்னழுத்தக் கம்ப்ரெஸரின் மோட்டார் அந்த எண்ணெயிலேயே நனைந்திருக்கும். மின்சாரம் கடத்தாத பிஓஇ எண்ணெய்தான் போட வேண்டும். எல்லாக் காருக்கும் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு குறைந்து, வண்டி "மின் கசிவு" என்று கோடு போட்டுவிடும். ஏசி கேஸ் நிரப்பிய சில நாளில் இந்தக் கோடு வந்தால் சந்தேகம் நேராக அங்கேதான்.

இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறுந்தூரமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடி, பெட்ரோல் வாடை வந்தால் அதுதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 தான்.

மழைத் தண்ணீரில் போனால் ஷாக் அடிக்குமா?

உயர் மின்னழுத்தச் சுற்று காரின் உலோக உடலோடு இணைக்கப்படவே இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டும் தனித்தனி ஆரஞ்சு நிற வயரில் போகின்றன. உடலுக்குக் கசிவு ஏற்பட்டால் கணினி எச்சரிக்கும். விபத்தில் ஏர்பேக் விரிந்தால் ரிலேக்கள் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் பேட்டரிக்குள்ளேயே அடைபடும். ஆகவே மழைக்குப் பயப்பட வேண்டாம். இருக்கை அளவு மூழ்கிய கார் வேறு கதை: உப்புத்தண்ணீரோ சேறோ பேட்டரிக்குள் போயிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் இழுத்துச் செல்லுங்கள்.

ஆரஞ்சு வயரைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருடையது. 1,000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் ப்ளக்கை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் வடிய 10 நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்தபின்தான் தொடங்குவார். ப்ளக்கைப் பையில் வைப்பது, வேறு யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்பதற்காக.

ப்ளக்-இன் வாங்கலாமா?

தினமும் சார்ஜ் போட வீட்டிலோ வேலையிடத்திலோ இடம் இருந்தால், தினசரி ஓட்டம் அதன் மின்தூரத்துக்குள் அடங்கினால், பெட்ரோல் பங்க் பக்கம் போவதே அரிதாகும். சார்ஜ் போடாமல் ஓட்டினால் காலிப் பேட்டரியைச் சுமந்துகொண்டு போகும் கனமான பெட்ரோல் கார் அது. ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட, காரின் கணினியிலிருந்தே எடுத்த தரவில், ப்ளக்-இன்களின் உண்மையான கார்பன் உமிழ்வு சோதனைக்கூட அளவைவிடச் சராசரியாக 3.5 மடங்கு இருந்தது. தொழில்நுட்பம் பொய் சொல்லவில்லை, கேபிள் டிக்கியிலேயே கிடந்தது. மாறாக, எப்போதும் மின்சாரத்திலேயே ஓட்டுபவர் டேங்கில் மாதக்கணக்கில் பழைய பெட்ரோலை வைத்திருக்கக் கூடாது. கொஞ்சமாக நிரப்பி, அவ்வப்போது இன்ஜினை ஓடவிடுங்கள்.

சரி, குறைகளை ஒளிவுமறைவில்லாமல் சொன்னால்?

வாங்கும் விலை கூடுதல். ஆண்டுக்கு ஓட்டம் குறைவாக இருந்தால் அந்தக் கூடுதலை எரிபொருள் மிச்சம் எட்டிப் பிடிக்கப் பல ஆண்டாகும். சில மாடல்களில் டிக்கி இடம் குறையும், ஸ்டெப்னி இருக்காது. இன்வெர்ட்டர் போனால் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேனரும் பயிற்சியும் உள்ள பட்டறை அருகில் இல்லாத ஊரில் இருப்பவர் இதை முதல் குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கில், மோட்டாரிலிருந்து பேடுக்கு மாறும் இடத்தில் மெல்லிய தயக்கம் சிலவற்றில் தெரியும். மெதுவாகப் போகும்போது சத்தமே இல்லாததால் நடப்பவருக்குத் தெரியாது. அதனால் ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து புதிய ஹைபிரிட், மின் கார்கள் எல்லாம் 20 கி.மீ. வேகம் வரை செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும்.

பழைய ஹைபிரிட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வண்டி ஆறியிருக்கும்போது போங்கள். முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சில நொடி கடகடவென்று உதறி அடங்கினால், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கும் தகடு) வழியாகச் சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கூலன்ட் அளவு குறைந்திருந்தால் சந்தேகம் பலப்படும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் அடைத்துக்கொண்டு ஒரு சிலிண்டர் அதிகம் சூடாகி இந்த நிலைக்கு வந்த இன்ஜின்கள் உண்டு.

ஓட்டும்போது பேட்டரி அளவுகோலைக் கவனியுங்கள். ஓரிரு நிமிடத்தில் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் குதித்தால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரும் அந்த மாடலுக்கான செயலியும் இருந்தால், அழுத்தி ஓட்டும்போது தொகுதிவாரி வோல்ட்டேஜைப் பாருங்கள். பழைய பிரியஸில் இரண்டு மாட்யூல் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியும் 14-15 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஏறத்தாழ 1 வோல்ட் தாழ்ந்து விழுந்தால் அது போகப்போகிறது. ஸ்கேனரில், கார் தானாகவே செய்துகொள்ளும் "ரெடினெஸ்" சோதனைகள் முடியாத நிலையில் இருந்தால், காலையில்தான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பின்சீட்டைத் தூக்கி, கம்பளத்துக்கு அடியில் வெள்ளத்தில் மூழ்கியதைக் காட்டும் வண்டல் கோடு இருக்கிறதா என்றும் கையை விட்டுப் பாருங்கள்.

நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?

ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. அவை சுற்றினால் மோட்டாரும் சுற்றும், நிரந்தரக் காந்தம் இருப்பதால் அது மின்சாரம் உண்டாக்கும். எண்ணெய் பம்ப் ஓடாத நிலையில் கியர்களும் காயும். முன்சக்கர இழுவைக் காரென்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம், நாலு சக்கர இழுவை என்றால் முழுக் காரையும் மேலே ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் வண்டிதான். சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவது மட்டும் பரவாயில்லை: "என்"னில் போட்டு, நடக்கும் வேகத்தில், சில மீட்டர்.